எலாடியோ குடித்த பட்டைத் தண்ணீர்

ஏணியிலிருந்து எலாடியோ விழுந்தபோது முற்றத்தில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள்.

மறுநாள் சான் ஹுவான் திருவிழா. கோயில் முற்றத்தில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதிக உயரமில்லை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. கீழே நின்ற யாரிடமோ கதை பேசிக்கொண்டே கால் வைத்தவன் படியைத் தவறவிட்டான். போகிற போக்கில் பந்தல் கம்பத்தில் தலை இடித்தது.

"டேய், வழுக்குமரம் ஏறுறது நாளைக்குடா! இன்னிக்கே ஒத்திகையா?" என்றான் அவனோடு வேலைக்குப் போகும் சில்வினோ. எல்லோரும் சிரித்தார்கள். எலாடியோவும் சிரித்துக்கொண்டே எழுந்து கால்சட்டையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினான்.

சிரிக்காதவள் அவன் அக்கா தெயோலிந்தா ஒருத்திதான். மரவள்ளி மாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்துகொண்டிருந்த கையோடு எழுந்து வந்தாள்.

"எங்க அடிச்சுது? காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. கம்பத்துக்குத்தான் வலிச்சிருக்கும்."

நெற்றிப்பொட்டுக்கு மேலே லேசாகத்தான் வீங்கியிருந்தது. ஆனால் தெயோலிந்தாவின் கண் அங்கே நிற்கவில்லை. சுருட்டிவிட்ட சட்டைக்கைக்குக் கீழே முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீலமும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. இப்போது விழுந்ததால் வந்தவை அல்ல. பழைய கன்றல்கள்.

"இது என்னடா?"

"ஓடுக்கல் பெட்டி தூக்கினேன்ல, அது உரசுச்சு." கையை இழுத்துக்கொண்டு, தோரணத்தின் மறுமுனையைத் தேடிப் போய்விட்டான்.

அவள் பழையபடி உட்கார்ந்து மாவைப் பிசைந்தாள். ஆனால் போன வாரம் அவன் பல் விளக்கிவிட்டுத் துப்பியது முழுக்கச் சிவப்பாக இருந்ததும், 'ஈறுல குச்சி குத்திடுச்சு' என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்துவிட்டன. நினைவுக்கு வந்ததைத் தள்ளிவிட முடியவில்லை.

எலாடியோ தரைக்கு ஓடுக்கல் பதிக்கிறவன். இருபது வருஷமாக முட்டி போட்டே பிழைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூச்சுத் திணறி, தலைநகர் அசுன்சியோனுக்குக் கொண்டுபோய், நெஞ்சைப் பிளந்து இதயத்தில் செயற்கை வால்வு வைத்து அனுப்பினார்கள். ரத்தம் அந்த வால்வில் உறைந்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. மாதம் ஒருதரம் ரத்தப் பரிசோதனை. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை எதையும் தொடக்கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். இதயம் பிழைத்தது. முட்டிகள்தான் அவனை அழவைத்தன. ஒரு அறை ஓடு பதித்துவிட்டு எழுந்திருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தைகளாகச் சொல்வான்.

தெயோலிந்தாவிடம் லபாச்சோ மரத்தின் பட்டை இருந்தது. தகுவாரா ஊருக்கே அது தெரியும். அவளுடைய கணுக்காலுக்கு மேல் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்த புண்ணை, சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டதோடு கூடப் பட்டைத் தண்ணீரால் கழுவிக் கழுவித்தான் ஆற்றினாள். அதிலிருந்து வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க, சீழ் வைத்த காயத்தைக் கழுவ, வயிறு சரியில்லாதபோது ஒரு வாய் குடிக்க என்று யாராவது வந்து நிற்பார்கள். அவளும் கண்டபடி கொடுக்கிறவள் அல்ல. மரத்தைச் சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும் என்று ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் வெட்டிய கிளையிலிருந்தே பெரும்பாலும் எடுப்பாள். மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்பட்டையை நிழலில் உலர்த்துவாள். ஒரு கரண்டிக்கு மேல் போடாதே, சின்னக் கோப்பைக்கு மேல் குடிக்காதே, குமட்டினால் நிறுத்து, நாலைந்து நாள் போதும், வயிற்றில் பிள்ளை இருந்தால் கிட்டவே வராதே என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித்தான் அனுப்புவாள்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தம்பியிடம் மட்டும் டாக்டரின் சம்மதத்தைக் கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், பாஸ்குத் திருநாள் கழிந்த வாரம் அவன் வந்து முட்டிக்குப் பட்டை கேட்டபோது, இதய ஆபரேஷன் ஆன உடம்பு என்று அவளுக்குத் தயக்கம்.

"டாக்டர் ஒத்துக்குவாராடா?"

"கேட்டாச்சுக்கா. 'மரம் ஊறின தண்ணிதானய்யா, குடி'ன்னு சிரிச்சாரு."

"நெசமா?"

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போவுது? வீட்ல நிமியாகிட்ட மட்டும் மூச்சு விடாத. எதுக்கெடுத்தாலும் பயந்து சாவா."

அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா வீட்டில் மாத்தே இலைத் தேநீர் குடிக்க வந்தான். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். அது முடிந்ததும் அவனுக்குத் தனியாக ஒரு சின்னக் கோப்பை, செந்நிறத்தில், கசப்பாக. நாலைந்து நாள் என்றது வாரங்களாக நீண்டது. முட்டி தேவலாம் என்றான். படியேறும்போது சுவரைப் பிடிக்காமல் ஏறினான். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

தோரணம் கட்டிய அன்று பகல் உச்சிக்கு வரும் நேரத்தில், அவன் மனைவி நிமியா வேலியருகே நின்று கூப்பிட்டாள்.

"அண்ணி! கொஞ்சம் வாங்களேன். அவரு ஒரு மாதிரியா இருக்காரு."

எலாடியோ கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பக்கத்துத் தகர வாளியில் வாந்தி. ஜன்னலைச் சாத்தச் சொன்னானாம், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம்.

"தலை வலிக்குதா தம்பி?"

"கொஞ்சம்." நாக்கு தடித்ததுபோல் வார்த்தை இழுத்தது. "நீ போய் மாவைப் பாருக்கா."

"காலைல விழுந்தப்ப நல்லாத்தான இருந்தாரு?" நிமியா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், பெரிய அண்டாவைத் தனியாக இறக்கிவைக்கிற கைகள். அந்தக் கைகள் இப்போது ஏப்ரனை முறுக்கிக்கொண்டிருந்தன. "சும்மா வீக்கம்தானன்னு நானும் விட்டுட்டேன். தூங்கினா சரியாயிடுமா?"

"தூங்க விடாத," என்றாள் தெயோலிந்தா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "சில்வினோ வண்டி இருக்கான்னு பாரு. இப்பவே போகணும்."

நிமியா ஓடினாள். தெயோலிந்தா தன் வீட்டுக்குப் போனாள், சால்வை எடுக்க. சால்வையை எடுத்த கை, அலமாரியில் இருந்த பட்டைப் பொட்டலத்தின் மேலும் போய் நின்றது. எதற்கு இது? டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறாரே. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சில்வினோவின் சரக்கு வண்டியில் முன்னால் நாலு பேர் நெருக்கிக்கொண்டார்கள். எலாடியோவின் தலை நிமியாவின் தோளில். அவனுடைய முட்டி தெயோலிந்தாவின் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கியது. சில்வினோ கேலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினான்.

"பேசிக்கிட்டே வாங்க அவன்கிட்ட," என்றான்.

நிமியா பேசினாள். நாளை எந்தச் சட்டை போடப்போகிறான், கழுதைக்குத் தண்ணீர் காட்டினானா என்று எதையெதையோ கேட்டாள். அவன் 'ம்' என்றான், சிலசமயம் அதுகூட இல்லை. மூக்கின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கியது. நிமியா துடைத்தாள். மறுபடி இறங்கியது.

"ஏன் நிக்க மாட்டேங்குது?" அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். "ஏன் அண்ணி நிக்க மாட்டேங்குது?"

தெயோலிந்தா சால்வைக்குள் பொட்டலத்தை அழுத்திக்கொண்டாள். கேட்டுவிட வேண்டும், அவனுக்கு வாய் இருக்கும்போதே. கேட்டால் நிமியா காதில் விழும். இரண்டு திருப்பம்வரை வாயை மூடிக்கொண்டு வந்தாள். பிறகு குனிந்து, அவன் முகத்தைக் கையால் தன் பக்கம் திருப்பினாள்.

"எலாடியோ. என்னைப் பாரு. டாக்டர்கிட்ட பட்டையைப் பத்திக் கேட்டேன்னு சொன்னியே. கேட்டியா?"

அவன் கண்ணைத் திறந்தான். சின்ன வயதில் தேன்கூட்டைக் கலைத்துவிட்டு மாட்டிக்கொண்டபோது சிரித்த அதே சிரிப்பு, வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்.

"எப்பக்கா..." என்றான். "அவருகிட்ட... நான் போகவே இல்லியே."

"போகலியா?" நிமியா நிமிர்ந்தாள். "மாசாமாசம் ரத்தம் குடுத்துட்டு வரேன்னு போனீங்களே? எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே?" அவள் தெயோலிந்தாவிடம் திரும்பினாள். "என்ன பட்டை?"

"லபாச்சோ. முட்டிக்கு. காலைல எங்க வீட்ல குடிப்பான். டாக்டர் சரின்னாருன்னு சொன்னான். நான் நம்பினேன்."

"எப்பலேருந்து?"

"பாஸ்கு முடிஞ்சதுலேருந்து."

நிமியா கத்துவாள் என்று தெயோலிந்தா காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. கணவன் தலையைத் தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த இரண்டு விரல்கடை இடைவெளி தெயோலிந்தாவுக்கு அடிபட்டதுபோல் இருந்தது.

தார்ச்சாலையைத் தொடுகிற இடத்தில் குறுக்கே கட்டை போட்டிருந்தது. மழை பெய்தால் மண்பாதையை அடைத்துவிடுவார்கள், வண்டிகள் உழுதுவிடக்கூடாது என்று. ரெயின்கோட்டுக்காரன் ஒருவன் குடிசையிலிருந்து தலையை நீட்டினான்.

"மூடியாச்சு. ரோடு காயணும்."

"நோயாளி இருக்கான் அய்யா," என்றான் சில்வினோ.

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. போன தடவ ஒருத்தன் நோயாளின்னு சொல்லி ரெண்டு பன்னி ஏத்திட்டுப் போனான்."

நிமியா கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினாள்.

"வந்து பாருடா! பன்னியா மனுஷனான்னு வந்து பாரு! ரத்தம் ஒழுகுது, கண்ணு சொருகுது, இவனுக்கு ரோடு காயணுமாம்! யாரைக் கேட்டு யாரு முடிவு பண்றீங்க? ஆளாளுக்கு என் புருஷன் உசுருல விளையாடுறீங்களா? நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்குமே ஞாபகம் வராதா?"

கட்டை எப்போதோ தூக்கியாகிவிட்டது. அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அவனிடம் அல்ல என்று தெயோலிந்தாவுக்குத் தெரிந்தது. இறங்கிப் போய் அவளைத் தோளைப் பிடித்து அழைத்துவந்து வண்டியில் ஏற்றினாள். நிமியா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, அதுவே பெரிது.

நகரத்து மருத்துவமனையில் சக்கரப் படுக்கையில் படுக்கவைத்தபோது எலாடியோவால் இடதுகையைத் தூக்க முடியவில்லை. அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். ரொமினா என்று சட்டையில் எழுதியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப விழுந்தாரு? மயக்கம் போட்டாரா? நெஞ்சுல தழும்பு இருக்கே, வால்வா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"சாப்பிடுவாரு, அதுல தவறமாட்டாரு. ரத்தச் சோதனைக்குத்தான் போகலியாம்," என்றாள் நிமியா.

"வேற மருந்து? வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது?"

நிமியா எலாடியோவின் மூக்கைத் துடைக்கக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டியவள் சொல்லட்டும் என்று விட்டதுபோல் இருந்தது. நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்களோ என்றுகூட தெயோலிந்தாவுக்கு ஒரு நொடி ஓடியது. பொட்டலத்தை எடுத்து டாக்டரின் கையில் வைத்தாள்.

"இது. லபாச்சோ உள்பட்டை. கொதிக்கவெச்ச தண்ணி. ரெண்டு மாசத்துக்கு மேல, தெனமும். நான்தான் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"சின்னக் கோப்பை, ஒரு வேளைதான்."

"வேலைக்கும் கொண்டுபோவான்," என்றது பின்னாலிருந்து சில்வினோவின் குரல். கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பிளாஸ்க்ல. நல்லா கெட்டியா, காப்பி மாதிரி. வேலை செய்யிற வீட்டு மரத்துல அவனே உரிச்சுக்குவான். எனக்குக்கூட ஒரு வாய் குடுத்தான், கசப்புன்னு துப்பிட்டேன்."

தெயோலிந்தாவுக்கு இது தெரியாது.

டாக்டர் அதற்குள் நர்ஸிடம் திரும்பிவிட்டாள். "ரத்தம் எடுங்க, ஆனா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேணாம். பிளாஸ்மாவுக்கு இப்பவே சொல்லிடுங்க. வைட்டமின் கே ஊசி, ரொம்பச் சின்ன அளவுல. தலை ஸ்கேனுக்குத் தள்ளுங்க." பிறகு தெயோலிந்தாவிடம், "நீங்க சொல்லாம இருந்திருந்தா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ரத்தத்தை எளக வைக்கிற மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுறவரு. இந்தப் பட்டையும் அதே பக்கம் இழுக்கும்னு சொல்றாங்க. இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இத்தனை நாளா சோதனையும் இல்ல. எல்லாம் சேர்ந்திருக்கும். வெளிய உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஸ்கேனில் மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் பரிசோதனையில், மூன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் வந்து அதைச் சொன்னபோது நிமியா கேட்டாள்:

"இப்ப ரத்தத்தை உறைய வெச்சுட்டீங்கன்னா சரியாயிடுமில்ல?"

"அதுலதான் கவலையே. ரொம்ப உறைய வெச்சா வால்வு அடைச்சுக்கும். விட்டா தலையில கசியும். நடுவுல புடிச்சு நிறுத்தணும். அசுன்சியோனுக்கு அனுப்புறேன்."

ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம். நிமியா ஏறினாள். கதவு மூடும்முன் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெயோலிந்தா ஒரு அடி முன்னால் வைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்து வந்த நாட்கள் தெயோலிந்தாவுக்கு டெலிபோனாக மட்டுமே இருந்தன. நிமியா ஒரு நாளைக்கு ஒருதரம் அழைப்பாள். கசிவு நின்றிருக்கிறது என்பாள். வால்வுச் சத்தம் சரியில்லை என்கிறார்கள் என்பாள். மறுநாள் வால்வு பரவாயில்லை, ஆனால் பேச்சு குழறுகிறது என்பாள். 'அண்ணி' என்ற சொல் அந்தப் பேச்சில் வரவே இல்லை. போன் வைத்ததும் தெயோலிந்தா அடுப்படியில் போய் உட்காருவாள், எழுந்திருப்பாள், வேலிவரை போவாள். கோழிகளுக்குத் தீனி போட்டோமா என்று மறந்துபோய் இன்னொருதரம் போடுவாள். வாய்ப்புண் என்று வந்த பெண்ணிடம் பட்டை தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னாள். அலமாரி நிறைய இருந்தது.

மண்டையைத் துளைக்காமலே கசிவு நின்றது. எலாடியோ ஜூலை பாதியில் வீடு திரும்பினான், பத்து கிலோ இளைத்து, இடதுகையில் கோப்பையைப் பிடிக்கத் தெரியாமல். அக்காவைப் பார்த்ததும் அழுதான். "உன்ன மாட்டிவிட்டுட்டேன்கா," என்றான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கக் கையை ஓங்கி, எங்கே வைக்கிறோம் என்று உறைத்து, கையை இறக்கிக்கொண்டாள்.

"வலின்னா வலின்னு சொல்லணும்டா. எங்கிட்ட ஒரு பொய், அவகிட்ட ஒரு பொய், ரெண்டு பொய்யையும் சேத்துக் குடிச்சிருக்க."

"பொய் சொல்லாம இருந்தா நீ குடுத்திருக்க மாட்டியே."

"அதத்தான்டா சொல்றேன்!"

மூட்டுக்கு டாக்டர்கள் அளந்து எழுதிய ஒரு மாத்திரையும், காலை நீட்டிச் செய்யும் பயிற்சியும் கொடுத்தார்கள். இதை முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார்களாம். மண்டியிட்டு ஓடு பதிக்கும் வேலை இனி இல்லை. சுவருக்குப் பதிக்கிற வேலை கிடைத்தால் பார்க்கலாம் என்றான் சில்வினோ.

தெயோலிந்தா பட்டையை எரித்துவிடவில்லை. எரிக்கத்தான் நினைத்தாள். கால் புண்ணோடு வந்து நின்ற கிழவர் ஒருவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நிறுத்தினாள். ஆனால் இப்போது படியில் நிற்கவைத்தே கேட்டாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? டப்பாவோட கொண்டு வாங்க, பாக்கணும். ஆபரேஷன், பல்லு புடுங்கறது ஏதாவது இருக்கா? கழுவ மட்டும்தான் குடுப்பேன். குடிக்கணும்னா சுகாதார நிலையத்துல கேட்டுட்டு, நர்ஸையே எங்கிட்ட பேசச் சொல்லுங்க."

"போலீஸ்காரியா ஆயிட்ட போல," என்றார் கிழவர்.

"ஆமா. டப்பாவ எடுத்துட்டு வாங்க."

ஆகஸ்டில் எலாடியோவின் முதல் மாதப் பரிசோதனை வந்தது. முந்தின நாள் மாலை நிமியா வேலியருகே வந்து நின்றாள். ஊர் திரும்பிய பிறகு அவள் தானாக அங்கே வந்தது அதுதான் முதல்தடவை.

"நாளைக்கு பஸ்ஸுல போறோம். அவரு ஒரு கையால கம்பியப் புடிக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

அவ்வளவுதான் சொன்னாள். தெயோலிந்தா விடியுமுன் கிளம்பி நின்றாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று பேரும் நீள பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எலாடியோ சீக்கிரமே பக்கத்தில் இருந்த ஆளோடு கால்பந்து பேச ஆரம்பித்துவிட்டான். பெண்கள் இருவரும் ஆய்வகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவர் முதுகும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. வேறு யார் பெயராவது கூப்பிட்டார்கள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" நிமியா முணுமுணுத்தாள். "மோசமா இருந்தா திரும்பவும் பாப்பாங்களோ?"

"தெரியல."

"நேத்து ராத்திரி பூரா அவரு பல்லு விளக்கின தண்ணியத்தான் நெனச்சுட்டிருந்தேன். செவப்பா இருந்துச்சா, பேஸ்டோட நெறமான்னு."

"நானும் காலைல அவன் கையத்தான் பாத்தேன். சட்டைய மடிச்சு விடுற மாதிரி மடிச்சுப் பாத்தேன்."

நிமியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எலாடியோவின் பெயரைக் கூப்பிட்டது அப்போதுதான். நர்ஸ் தாளை நீட்டினாள். நிமியா வாங்கி விரித்தாள். தெயோலிந்தா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு புள்ளி எட்டு.

"நல்லாயிருக்கு," என்றாள் நர்ஸ். "அடுத்த மாசம் வாங்க."

நிமியா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே எடுத்து இன்னொருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். எலாடியோ பெஞ்சிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வாசலுக்கு வந்ததும் நிமியா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த மாசமும் நீங்க வரணும் அண்ணி. அந்தக் கதவைத் தனியா பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

"வரேன்," என்றாள் தெயோலிந்தா.

பஸ் வந்தது. மூன்று பேரும் ஏற இடம் போதுமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எலாடியோவை முதலில் ஏற்றினார்கள்.